விளைந்த நெல்லை விதைப்பது திருட்டா?

(ஒன்றிய விவசாயிகள் கோரிக்கை மாநாட்டில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)



போன சம்பா அறுவடை முடிந்த நேரம். அறுபது வயது தாண்டின ஒரு அம்மா நம்ம சங்க அலுவலகத்துக்கு வந்தாங்க. இரண்டு ஏக்கர் சொந்த நிலம், ஒரு ஏக்கர் குத்தகை. கையில் ஒரு காகிதம். டவுனில் விதை வாங்கின கடையில் கொடுத்ததாம். அந்த விதையில் விளைந்த நெல்லில் நாலு மரக்காலைப் பக்கத்து வீட்டுக்கு விதைக்குக் கொடுத்திருக்காங்க. எப்படியோ கடைக்காரர் காதுக்கு எட்டியிருக்கு. "இது கம்பெனிக்குச் சொந்தமான ரகம். திருப்பி விதைச்சாலோ அடுத்தவருக்குக் கொடுத்தாலோ திருட்டுக் கேஸ் ஆகும்"னு சொல்லி அனுப்பியிருக்கார்.

அந்த அம்மா எங்களைப் பார்த்துக் கேட்டது ஒரே கேள்விதான். "ஏந்தம்பி, என் வயல்ல விளைஞ்ச நெல்லை நான் விதைச்சா நான் திருடியா?"

இல்லைம்மான்னு அன்றைக்கே சொல்லி அனுப்பினோம். ஏன் இல்லை என்பதை ஊர் கூடின இடத்தில் சொல்லணும் என்றுதான் இன்றைக்கு இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டோம். அறிவுச் சொத்து, காப்புரிமை, ராயல்டி - இதெல்லாம் வக்கீலுக்கும் கம்பெனிக்கும் உரிய சமாச்சாரம்னு நாம் ஒதுங்கி இருந்தோம். ஒதுங்கி இருந்தவன் வீட்டுக் குதிருக்குள்ளேயே இப்போ கை நீளுது. அதனால் இந்தக் கதையை ஆதியிலிருந்து தெரிஞ்சுக்குவோம்.

முதலில் காப்பியடித்தவர் யார்?

இன்றைக்கு உலகம் முழுக்க "காப்பியடிக்காதே, அது திருட்டு" என்று பாடம் நடத்துகிற நாடுகள் எப்படிப் பணக்கார நாடுகள் ஆயின?

நம்ம சோழமண்டலக் கரையிலிருந்தே ஆரம்பிப்போம். இங்கே நெய்து சாயம் தோய்த்த பூத்துணிக்கு ஒரு காலத்தில் ஐரோப்பா முழுக்க அடிபிடி. எத்தனை தடவை வெளுத்தாலும் சாயம் போகாது. அந்த வித்தை அவர்களுக்குப் பிடிபடவில்லை. 1742-ல் இங்கே இருந்த கேர்து என்ற பிரெஞ்சுப் பாதிரியார், சாயத் தொழிலாளர்களிடம் விசாரித்து, துணியை எதில் ஊறப்போடுவது, எந்த வேரில் சாயம் எடுப்பது, எத்தனை முறை காயப்போடுவது என்று ஒவ்வொன்றாகக் கடிதத்தில் எழுதி பிரான்சுக்கு அனுப்பினார். அது அச்சிலும் வந்தது. தலைமுறை தலைமுறையாக அந்த வித்தையைக் காப்பாற்றி வந்த தொழிலாளிக்கு ஒரு தம்படி ராயல்டி யாராவது கொடுத்தார்களா? அதைத் திருட்டு என்று யாராவது எழுதினார்களா?

அடுத்து அமெரிக்கா. இங்கிலாந்தில் பஞ்சு நூற்கும் மிஷின் வந்த காலத்தில், அந்த மிஷினை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, அதில் தேர்ந்த தொழிலாளியும் நாட்டை விட்டுப் போகக் கூடாது என்று சட்டம் போட்டிருந்தார்கள். 1789-ல் சாமுவேல் ஸ்லேட்டர் என்ற இளைஞர் மிஷினின் அமைப்பை மனப்பாடமாக வைத்துக்கொண்டு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். விவசாயக் கூலியாள் என்று சொல்லித் தப்பினார் என்பார்கள். பாருங்க, ஒளிவதற்கு அவருக்கும் நம்ம வேஷம்தான் கிடைத்தது. மறு ஆண்டே அமெரிக்காவில் அந்த மிஷின் ஓடியது. அவர் பிறந்த ஊரில் அவருக்குத் துரோகி என்று பெயர். அமெரிக்காவிலோ தொழில் புரட்சியின் தந்தை என்று பெயர். செய்த காரியம் ஒன்று. பெயர் இரண்டு.

புத்தகக் கதையும் இப்படித்தான். 1790-ல் அமெரிக்கா போட்ட பதிப்புரிமைச் சட்டம் தன் நாட்டு எழுத்தாளருக்கு மட்டும்தான் பாதுகாப்பு கொடுத்தது. இங்கிலாந்து எழுத்தாளரின் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் அச்சடித்து விற்கலாம். சார்லஸ் டிக்கன்ஸ் 1842-ல் அமெரிக்காவுக்கே போய் நியாயம் கேட்டார். அங்குள்ள பத்திரிகைகள் அவரைப் பணத்தாசை பிடித்தவர் என்று திட்டின. வெளிநாட்டு எழுத்தாளருக்கு அங்கே உரிமை கிடைத்தது 1891-ல்தான். நூறு வருஷம் அச்சடித்துப் படித்து, தன் நாட்டில் எழுத்தாளரும் பதிப்பாளரும் வளர்ந்த பிறகு கதவைச் சாத்தினார்கள்.

ஹாலந்து 1869-ல் காப்புரிமைச் சட்டத்தையே தூக்கிப் போட்டது. 1912 வரை அந்த நாட்டில் காப்புரிமையே கிடையாது. பிலிப்ஸ் கம்பெனி அங்கே 1891-ல் பல்பு செய்ய ஆரம்பித்தது அந்தக் காலத்தில்தான்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறோம்? அவன் திருடினான், அதனால் நாமும் திருடலாம் என்று சொல்லவில்லை. ஏணியில் ஏறி மாடிக்குப் போனவன், போனதும் ஏணியை மேலே இழுத்துக்கொண்டான். இழுத்துக்கொண்டு, கீழே நிற்கிறவனைப் பார்த்து "சுவர் ஏறிக் குதிக்கிறான் பார்" என்று கூவுகிறான். அதைத்தான் சொல்கிறோம்.

செடி கப்பலேறிய கதை

மிஷினும் புத்தகமும் போகட்டும், செடிக்கு வருவோம். அது நம்ம வேலை.

தேயிலை வளர்ப்பதும் பக்குவம் செய்வதும் சீனர்களின் வித்தை. 1848-ல் ராபர்ட் பார்ச்சூன் என்பவரைக் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே அனுப்பியது. அவர் சீனர் மாதிரி உடுத்திக்கொண்டு, வெளிநாட்டார் போகக் கூடாத உள்நாட்டுக்குள் புகுந்து, ஆயிரக்கணக்கான செடியும் விதையும் சேகரித்து, தேயிலை பக்குவம் தெரிந்த ஆட்களையும் சேர்த்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்.

ரப்பர் மரம் பிரேசில் காட்டு மரம். 1876-ல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் அங்கிருந்து சுமார் 70,000 விதைகளைக் கப்பலில் ஏற்றி லண்டன் கியூ தோட்டத்தில் சேர்த்தார். முளைத்தது மூவாயிரம்கூட இல்லை. அந்தக் கன்றுகள் இலங்கைக்கும் மலேயாவுக்கும் போயின. நாற்பது வருஷம் ஆகவில்லை, ஆசியத் தோட்ட ரப்பர் பிரேசில் ரப்பரை மிஞ்சிவிட்டது. பிரேசில் காட்டில் அந்த வியாபாரமே படுத்துவிட்டது. அன்றைக்கு விதையைக் கொண்டுபோகக் கூடாது என்று பிரேசிலில் சட்டம் இல்லை. சட்டம் இல்லாததால் குற்றமும் இல்லை. 1920-ல் விக்காமுக்கு சர் பட்டம் கொடுத்தார்கள்.

அந்தத் தேயிலைத் தோட்டத்திலும் ரப்பர் தோட்டத்திலும் யார் உழைத்தது? நம்ம பாட்டன் பூட்டன்தான். பஞ்சத்துக்குப் பயந்து கப்பலேறிய தமிழ் ஜனங்கள்தான். விதை ஓரிடத்திலிருந்து வந்தது, உழைப்பு ஓரிடத்திலிருந்து போனது, லாபம் மூன்றாவது இடத்தில் இறங்கியது.

மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான கொய்னா, சின்கோனா மரப்பட்டையில் எடுப்பது. அது தென் அமெரிக்க மலை மரம். அங்கிருந்து வந்த கன்றுகளைத்தான் 1860-களில் நம்ம நீலகிரியில் நட்டார்கள். பொலிவியாவில் மானுவேல் மாமானி என்ற மலைவாசி, எந்த மரத்தில் மருந்து அதிகம் என்று கண்டறியும் கண் உடையவர். ஓர் ஆங்கில வியாபாரிக்காக அவர் பொறுக்கிய விதை 1865-ல் டச்சுக்காரர் கைக்குப் போய், ஜாவாத் தீவில் பெரிய தோட்டம் ஆனது. பின்னாளில் விதை எடுத்த குற்றத்துக்காக மாமானியைப் பிடித்துச் சிறையில் போட்டு அடித்தார்கள். அந்த அடியிலேயே அவர் செத்தார். விதையைக் கொண்டுபோன துரைக்குச் சர் பட்டம். விதை பொறுக்கிக் கொடுத்த ஏழைக்கு அடி, சாவு.

வேலி போட்ட வருஷங்கள்

இப்படிச் சேர்த்தாயிற்று. அடுத்தது வேலி.

1930-ல் அமெரிக்கா முதன்முதலாகச் செடிக்குக் காப்புரிமை கொடுத்தது. அப்போதுகூட விதை போட்டு வளர்க்கும் பயிருக்கு இல்லை. பதியன், ஒட்டு போன்ற முறையில் பெருக்குகிற செடிக்கு மட்டும். 1961-ல் ஐரோப்பிய நாடுகள் கூடிப் புதுப் பயிர் ரகங்களுக்கு உரிமை கொடுக்க உபோவ் என்ற ஒப்பந்தம் போட்டன. 1980-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மனிதன் மாற்றி அமைத்த உயிருக்கும் காப்புரிமை உண்டு என்று 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. எண்ணெயைத் தின்னும் ஒரு நுண்ணுயிர் பற்றிய வழக்கு அது. ஒரே ஒரு நீதிபதியின் ஓட்டில் உயிருக்குப் பட்டா கிடைத்தது.

1995 ஜனவரி 1-ல் உலக வர்த்தக அமைப்பு வந்தது. அதில் சேர்ந்த எல்லா நாடும் பயிர் ரகங்களுக்குக் காப்புரிமை கொடுக்கணும், இல்லை என்றால் தனக்கென்று பலமான வேறு சட்டமாவது போடணும் என்று நிபந்தனை. இது வரப்போகிறது என்று தெரிந்து 1993-லேயே கர்நாடக விவசாயிகள் பல்லாயிரம் பேர் பெங்களூரில் திரண்டார்கள். படிக்காத விவசாயிக்குக் காட் ஒப்பந்தம் என்ன தெரியும் என்று கேலி பேசினார்கள். பிறகு நடந்ததைப் பாருங்கள்.

மஞ்சளும் வேம்பும்

1995 மார்ச் மாதம். மஞ்சள் தூள் புண்ணை ஆற்றும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை கொடுத்தார்கள். சிரிக்கிறீர்கள். நம்ம வீட்டில் அரிவாள்மணையில் விரல் பட்டால் முதலில் ஓடுவது அஞ்சறைப் பெட்டிக்குத்தானே?

ஆனால் அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் ஒரு சூட்சுமம். வெளிநாட்டில் ஒரு பொருள் காலம் காலமாகப் புழக்கத்தில் இருந்தது என்று சொன்னால் எடுபடாது. எங்காவது அச்சில் வந்திருந்தால்தான் கணக்கு. அமெரிக்காவுக்குள் புழக்கம் இருந்தால் அது சாட்சி, நம்ம ஊர்ப் புழக்கம் சாட்சி இல்லை! 2011-ல் அவர்கள் கொண்டுவந்த திருத்தச் சட்டத்தில்தான் இந்த ஓரவஞ்சனை நீங்கியது. ஆகவே நம்ம மத்திய அரசின் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் பழைய ஏடுகளையும் 1953-ல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த ஒரு கட்டுரையையும் தேடிப் பிடித்துக் கொண்டுபோய் நிறுத்தியது. 1997-ல் காப்புரிமை ரத்தானது. பாட்டி சொன்னது செல்லவில்லை, காகிதம் செல்லுபடியானது. இதை மனசில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் அவிழ்க்கிறோம்.

வேப்பெண்ணெயால் பயிரில் பூஞ்சாணத்தைக் கட்டுப்படுத்தும் முறைக்கு அமெரிக்க விவசாயத் துறையும் டபிள்யூ.ஆர். கிரேஸ் கம்பெனியும் சேர்ந்து 1994-ல் ஐரோப்பாவில் காப்புரிமை வாங்கின. வந்தனா சிவா முதலியோர் எதிர்த்தார்கள். 2000-ல் ரத்து. அவர்கள் மேல்முறையீடு போனார்கள். 2005 மார்ச்சில் அதுவும் தள்ளுபடி. ஜெயித்தோம், சரி. ஒரு வேப்பமரத்தை மீட்கப் பத்து வருஷம்.

மெக்சிகோ சிறு விவசாயி கதை நம்ம கதையை விட மோசம். ஓர் அமெரிக்க விதை வியாபாரி மெக்சிகோவில் ஒரு பை மஞ்சள் நிற அவரைவிதை வாங்கிப் போனார். விதைத்துப் பொறுக்கி எடுத்து, 1999-ல் அந்த நிறத்துக்கே காப்புரிமை வாங்கினார். பிறகு மெக்சிகோவிலிருந்து வரும் மஞ்சள் அவரைக்கு எனக்கு ராயல்டி கட்டு என்று இறக்குமதியாளர்களை மடக்கினார். காலம் காலமாகப் பயிரிட்டவனின் ஏற்றுமதி விழுந்தது. கடைசியில் அந்தக் காப்புரிமை செல்லாது என்று முடிவானது 2009-ல். இடையில் போன பத்து வருஷ வருமானத்தை யார் திருப்பிக் கொடுப்பார்?

குற்றவாளிக் கூண்டில் விவசாயி

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் விதையை எடுத்து வைத்த விவசாயியைக் கோர்ட்டுக்கு இழுத்தார்கள்.

கனடாவில் பெர்சி ஷ்மைசர் என்ற விவசாயி. அவர் வயலில் மான்சாண்டோ கம்பெனியின் மரபணு மாற்றிய கடுகுவகைப் பயிர் இருந்தது. நான் அதை வாங்கவே இல்லை, தானாக வந்து விழுந்தது என்றார். ஆனால் அந்தச் செடியின் விதையை எடுத்து வைத்து விதைத்தீர்கள் அல்லவா, அது மீறல்தான் என்று 2004-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அங்கும் 5-க்கு 4. கம்பெனிக்குப் பணம் கட்ட வேண்டாம் என்றது ஒன்றுதான் ஆறுதல். 2013-ல் அமெரிக்காவில் வெர்னன் போமன் என்ற வயதான விவசாயி. தானியக் கிட்டங்கியில் சோயா வாங்கி விதைத்து, விளைந்ததில் விதை எடுத்து வைத்தார். 84,000 டாலருக்கு மேல் கட்டச் சொன்னது தீர்ப்பு.

இது அங்கேதானே என்று இருந்துவிடாதீர்கள். 2019 ஏப்ரலில் நம்ம குஜராத்தில் நடந்தது. சிப்ஸ் போடும் எப்.எல். 2027 என்ற உருளைக்கிழங்கு ரகத்தை அனுமதி இல்லாமல் பயிரிட்டதாகச் சிறு விவசாயிகள் மேல் பெப்சிகோ கம்பெனி வழக்குப் போட்டது. நாலு பேரிடம் தலைக்கு ஒரு கோடியே ஐந்து லட்சம் ரூபாய் நஷ்டஈடு! மூணு நாலு ஏக்கர் வைத்திருக்கிறவன் ஏழு ஜென்மம் உழுதாலும் அந்தப் பணத்தைப் பார்க்க முடியுமா? நாடு முழுக்க விவசாயச் சங்கங்கள் கொதித்தெழுந்தன. அடுத்த மாதமே கம்பெனி வழக்கை வாபஸ் வாங்கியது. 2021 டிசம்பரில் அந்த ரகத்தின் பதிவையே ஆணையம் ரத்து செய்தது. கம்பெனி மேல்முறையீட்டில் 2024 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு அந்த ரத்தைச் செல்லாது என்றது. ஆக, பதிவு சம்பந்தமான சண்டையில் கம்பெனி கை ஓங்கியது. ஆனால் விவசாயி மேல் போட்ட வழக்கு நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை?

நம்ம கையில் இருக்கும் சட்டம்

ஏன் என்றால் நம்ம நாட்டில் ஒரு சட்டம் இருக்கு. பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், 2001. அதில் 39-வது பிரிவை ஒவ்வொரு விவசாயியும் தன் பட்டா நம்பரைப் போல மனப்பாடம் பண்ணணும்.

அது என்ன சொல்லுது? விவசாயி தன் விளைபொருளை, விதை உட்பட, எடுத்து வைக்கலாம். விதைக்கலாம், திரும்ப விதைக்கலாம். மாற்றிக்கொள்ளலாம், பகிர்ந்துகொள்ளலாம், விற்கலாம். இந்தச் சட்டத்தில் பதிவான கம்பெனி ரகமாக இருந்தாலும் இந்த உரிமை உண்டு. ஒன்று மட்டும் கூடாது: பதிவான ரகத்தைப் பாக்கெட் போட்டு, முத்திரை குத்தி, பிராண்டு விதையாக விற்கக் கூடாது. அவ்வளவுதான். நம்ம அம்மா நாலு மரக்கால் கொடுத்தது திருட்டு இல்லை. சட்டம் கொடுத்த உரிமை.

இன்னும் கேளுங்க. இந்த ரகம் இன்ன நிலைமையில் இவ்வளவு விளையும் என்று சொல்லி விற்று, அது விளையாமல் போனால் நஷ்டஈடு கேட்கும் உரிமையும் அதே பிரிவில் இருக்கு. நாம் காப்பாற்றி வந்த நாட்டு ரகத்தை நம்ம பெயரிலேயே பதிவு செய்யலாம். ஒரு ரகத்துக்கு உரிமைதாரர் இருக்கார் என்பதே தெரியாமல் விவசாயி மீறியிருந்தால் அது மீறல் ஆகாது என்று 42-வது பிரிவு சொல்லுது. செடிக்கும் விதைக்கும் காப்புரிமையே கிடையாது என்று நம்ம காப்புரிமைச் சட்டத்தின் 3-வது பிரிவு சொல்லுது. இதெல்லாம் யாரும் இனாமாகக் கொடுத்தது இல்லை. தெருவில் நின்று வாங்கியது.

"அப்போ புது ரகம் கண்டுபிடிக்கிறவனுக்கு ஒண்ணுமே வேண்டாமா?"ன்னு சில பேர் கேட்கிறாங்க. நியாயமான கேள்வி. பத்து வருஷம் பாடுபட்டு ஒரு ரகம் கொண்டுவருகிறவருக்குக் கூலி வேண்டாம் என்று நாம் ஒருநாளும் சொல்லவில்லை. இன்னொரு கம்பெனி அதைக் காப்பியடித்துப் பாக்கெட் போட்டால் தடுக்கட்டும். போலி விதைப் பாக்கெட்டால் முதலில் வயிற்றில் அடிபடுகிறவர் நாம்தான். ஆனால் அந்த விஞ்ஞானி வெறும் கையில் முழம் போடவில்லை. ஆயிரம் வருஷம் நம்ம முன்னோர் வெள்ளத்துக்கு ஒன்று, வறட்சிக்கு ஒன்று என்று பொறுக்கி வைத்த நெல்லிலிருந்துதான் புது நெல் பிறக்குது. கடைசி ஓட்டைக் கூரையில் சொருகினவன் வீடு முழுசும் என்னுது என்று சொன்னால் எப்படி? ஆடுதுறை ரகங்களை அரசாங்க விஞ்ஞானிகள் மக்கள் வரிப்பணத்தில் உருவாக்கினார்கள். நாம் விதைத்தோம். நாடு சாப்பிட்டது. யார் மேலும் யாரும் கேஸ் போடவில்லை.

இன்னொரு விஷயமும் ஒளிக்காமல் சொல்லணும். வீரிய ஒட்டு விதையை எடுத்து வைத்தால் அடுத்த போகம் ஒரே மாதிரி விளையாது. அதைத் தடுப்பது சட்டம் இல்லை, விதையின் தன்மை. அது விதைக்குள்ளேயே போட்ட வேலி. ஆகவே எல்லா நிலத்தையும் அதற்கே கொடுத்துவிட்டு, 39-வது பிரிவு இருக்கே என்று சொல்வதில் பிரயோஜனம் இல்லை. உரிமை இருந்து, எடுத்து வைக்க விதை இல்லை என்றால் அந்த உரிமையை என்ன பண்றது?

என்ன செய்யப் போறோம்?

மஞ்சளில் போட்ட முடிச்சை அவிழ்க்கிறோம். நம்மிடம் இருப்பது எழுத்தில் இல்லை என்றால் அது இல்லை என்றே முடிவு கட்டுவார்கள். ஆகவே:

ஒன்று. 2002 பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கணும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதணும். அடுத்த கிராம சபையில் எழுந்து நின்று, நம்ம ஊர்ப் பதிவேடு எங்கே என்று கேளுங்க. மாப்பிள்ளைச் சம்பாவோ, வேலியோர மூலிகையோ, எல்லாம் அதில் ஏறணும்.

இரண்டு. விதை வாங்கினால் பில் வாங்குங்க. பாக்கெட்டையும் சீட்டையும் பத்திரப்படுத்துங்க. நஷ்டஈடு கேட்க அதுதான் சாட்சி.

மூன்று. எந்தக் கம்பெனி, எந்தக் கடை எந்தக் காகிதத்தை நீட்டினாலும் படிக்காமல் கையெழுத்து வேண்டாம். மிரட்டினால் தனியாகப் பேச வேண்டாம், சங்கத்துக்குச் சொல்லுங்க.

நான்கு. ஊருக்குப் பத்துக் குடும்பமாவது ஒரு நாட்டு ரகத்தை விதைக்கோட்டை கட்டி வைக்கணும். நம்ம வீட்டுப் பெண்களுக்குத்தான் அந்தப் பக்குவம் தெரியும். அவங்க சொல்ல, பிள்ளைகள் நோட்டில் எழுதட்டும்.

அரசுக்கு நம்ம கோரிக்கைகள்:

* எந்தப் புது விதைச் சட்டம் வந்தாலும் 39-வது பிரிவில் ஓர் எழுத்தும் குறையக் கூடாது!

* விவசாயியை மிரட்டும் விதை வியாபாரியின் உரிமத்தை ரத்து செய்!

* 39-வது பிரிவை எல்லா விதைக் கடையிலும் தமிழில் எழுதி மாட்ட உத்தரவு போடு!

* ஊராட்சி தோறும் பல்லுயிர்ப் பதிவேட்டை விவசாயிகளை வைத்து எழுது!

* அரசு விதைப் பண்ணைகளைப் பலப்படுத்து! பொது ரகங்களைத் தட்டுப்பாடு இல்லாமல் கொடு!

விவசாயப் பெருமக்களே! சாயத் தொழிலாளியின் வித்தை கடிதத்தில் போனபோது அது திருட்டு இல்லை. எழுபதாயிரம் விதை கப்பலில் போனபோது அது திருட்டு இல்லை. நாலு மரக்கால் நெல் வேலி தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போனால் மட்டும் திருட்டாம்! சட்டம் எழுதுகிற இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ, அவர்தான் எது திருட்டு என்று பெயர் வைக்கிறார். அந்த இடத்தில் நம்ம குரலும் இருந்ததால்தான் 39-வது பிரிவு கிடைத்தது. அந்தக் குரல் ஓய்ந்தால் அதுவும் போகும்.

அந்த அம்மா இதோ முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்காங்க. கடையில் கொடுத்த அந்தக் காகிதம் நம்ம சங்கக் கோப்பில் பத்திரமாக இருக்கு. வரும் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் அதைக் கலெக்டர் மேஜையில் வைக்கப் போறோம். அவங்க ஒருத்தரைத் தனியாக அனுப்பிவிடாதீங்க. ஆளுக்கு ஒரு பிடி விதைநெல் மடியில் முடிந்துகொண்டு வாங்க!

விதை நமது உரிமை! விதைப்பது திருட்டல்ல!

ஒன்றுபடுவோம்! உரிமை காப்போம்!